சத்தமில்லாமல் பெற்றவள்

உம்மே ஹானிக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. தி. நகரில் ஒரு ஐந்துமாடிப் பட்டுக்கடையில் வருஷக்கணக்காக மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இரண்டாம் மாடியில் பில் போடும் இடத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் அவள், ஒரு மைக், ஒரு மின்விசிறி. 'வாடிக்கையாளர்களின் அன்பான கவனத்திற்கு' என்று அவள் ஆரம்பித்தால் ஐந்து மாடியும் ஒரு நொடி காதைத் தீட்டிக்கொள்ளும். மறுநொடி பழையபடி புடவையைப் பிடித்து இழுக்கப் போய்விடும். பெற்ற பிள்ளையைத் தரைத்தளத்தில் தொலைத்துவிட்டு, மூன்றாம் மாடியில் ஜாக்கெட் துணிக்கு நிறம் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்துவிட்டாள். குழந்தையை வந்து அழைத்துப்போகும்படி திரும்பத் திரும்ப அறிவித்த பிறகு ஆடி அசைந்து வருவார்கள். வந்து, "பில் போட்டுட்டு வந்துடறேன், அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டுமே" என்பார்கள்.

ஒரு தீபாவளி சமயத்தில் லிஃப்டிலிருந்து புகை வந்தது. மானேஜர் கணேசமூர்த்தி வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்து, "கூட்டம் மெரண்டா மிதிச்சுக்குவாங்கம்மா, பாத்துச் சொல்லு" என்றார். அவள் பால்கோவா விற்பவள் குரலில், 'பராமரிப்புப் பணி நடைபெறுவதால் படிகளைப் பயன்படுத்தி வெளியே சென்று சிறிது நேரம் ஓய்வெடுக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்றாள். ஏசி நின்றுபோனதற்குக் கடைக்காரனைத் திட்டியபடி அத்தனை பேரும் பத்திரமாக இறங்கிப் போனார்கள். குரல் சரியாக இருந்தால் ஜனங்கள் எங்கே போகச் சொன்னாலும் போவார்கள் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் மிச்சம் மீதி இருந்த மரியாதையும் போய்விட்டது.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளிடம் மதிப்பு வாங்கத் தவித்தாள் என்பதுதான் வேடிக்கை. அதுவும் யாரிடம்? மாமியார் ஜமீலுன்னிசாவிடம்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர்கள் வீடு. கணவன் ஃபைசானுக்குச் சைதாப்பேட்டையில் ஸ்விட்ச், ஒயர் விற்கிற கடை. நல்லவன், வாயில்லாப் பூச்சி, வீட்டில் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வது சரி என்று தலையாட்டுகிறவன். அவன் அம்மாவுக்கு அந்தச் சங்கடமே இல்லை. எப்போதும் கடைசியாகப் பேசுவது அவள்தான். ஜமீலுன்னிசா ஐந்து பெற்றவள். ஐந்தையும் கத்திக் கத்திப் பெற்றவள். "ஃபைசான் பொறக்கச் சொல்ல நான் போட்ட சத்தத்துல நர்ஸம்மா கையில இருந்த தட்டக் கீழ போட்டுட்டா" என்று அவள் சொல்லாத விசேஷம் கிடையாது. வருஷத்துக்கு வருஷம் அந்தச் சத்தம் வளர்ந்துகொண்டே போயிற்று. கடைசியாகக் கேட்டபோது அது பக்கத்து வார்டு வரை எட்டியிருந்தது.

அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம். பிள்ளை பெற்றவள் நாற்பதாம் நாள் தலைக்குக் குளித்து வந்ததும், கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். ஃபாத்திஹா ஓதி முடிந்து பிரியாணி முடிந்து ஆண்கள் வெளியே போன பிறகு மூத்தவள் ஆரம்பிப்பாள். எப்போது வலி எடுத்தது, எப்படிக் கத்தினாள், யாரைத் திட்டினாள், எந்தக் கம்பியைப் பிடித்து வளைத்தாள் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லி, கடைசியில் புதிதாகப் பெற்றவள் சொல்ல வேண்டும். அவள் சொல்லி முடித்ததும் மூத்தவள் அவள் வாயில் ஒரு துண்டு அல்வாவை வைப்பாள். அன்றிலிருந்து அவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மருமகள்களுக்கு அதுவரை நிக்காஹ் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

உம்மே ஹானி முதல் பெண் அதீபாவைப் பெற்ற நாற்பதாம் நாள், அவள் முறை வந்தபோது ஜமீலுன்னிசா குறுக்கே புகுந்துவிட்டாள். "இவளுக்கு ஆபரேசன்மா. இவ இன்னா சொல்லுவா? மயக்கத்துல படுத்துக்கினு இருந்தா. வலி தாங்கத் தெரியல, இந்தக் காலத்துப் பொண்ணுங்க. போம்மா, போய் டீ போடு, எல்லாருக்கும் தொண்ட காஞ்சிக் கீது." வயிற்றைக் கிழித்துத் தைத்த இடம் இன்னும் இழுத்துப் பிடிக்க, உம்மே ஹானி எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த மயக்கம் எப்படிப்பட்ட மயக்கம் என்று கேட்க அங்கே ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஒரு பகல் முழுக்க வலி. கத்துகிறவர்களை அந்த வார்டில் ஒரு நர்ஸ் நாயை விரட்டுகிற மாதிரி விரட்டுவாள். அதனால் உம்மே ஹானி துப்பட்டாவைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று சொல்லி முதுகில் ஊசி போட்டு அறுத்தார்கள். முழிப்போடுதான் இருந்தாள். அறுப்பது தெரிந்தது, இழுப்பது தெரிந்தது. தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள வாணியம்பாடியில் ஒரு அண்ணன் வீடுதான். அம்மா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும், அழுதால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

இத்தனைக்கும் அடுத்த வருஷம் ஜமீலுன்னிசாவின் சொந்த மகள் மஹ்விஷுக்குக் கே.கே. நகரில் ஆபரேஷன் ஆனது. நாற்பதாம் நாள் மஹ்விஷை வட்டத்தின் நடுவில் உட்கார வைத்து, "குழந்தை திரும்பிக்கினு நின்னுச்சு, பாவம் எம்பொண்ணு இன்னா பண்ணுவா" என்று சொல்லி அவள் வாயில் பெரிய துண்டாக அல்வாவை வைத்தாள் தாய்க்காரி. அன்றைக்கும் டீ போட்டது உம்மே ஹானிதான். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். இன்னொன்று பெறுவேன், ஆஸ்பத்திரியில் யாருடைய கத்தியும் படாமல் பெறுவேன், அந்த ஜமுக்காளத்தில் நடுவில் உட்காருவேன் என்று. புத்தியுள்ளவள் அந்த ஜமுக்காளத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டிருப்பாள். ஆனால் அவமானம் பட்ட இடத்திலேயே மரியாதையும் வாங்க வேண்டும் என்கிற பைத்தியம் பிடித்தால் புத்தி எங்கே வேலை செய்யும்?

இரண்டாவது உண்டானதும் ராஜா அண்ணாமலைபுரத்தில் டாக்டர் ஜலஜாவிடம் போனாள். ஜலஜா சுற்றி வளைக்காதவர். பழைய ஆபரேஷன் காகிதங்களைப் பார்த்து, தழும்பு குறுக்குத் தழும்புதான், இடைவெளியும் போதும், முயற்சி செய்யலாம் என்றார். "ஆனா ஒண்ணு. பழைய தையல் பிரியறது ரொம்ப அபூர்வம், ஆனா பிரிஞ்சா தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அதனால வலி வந்ததும் நேரா இங்க வரணும். வயித்துல மானிட்டர் கட்டுவேன், கழட்டச் சொல்லிக் கெஞ்சக் கூடாது. ரெண்டு வலிக்கு நடுவுல விடாம தழும்புல வலிச்சா உடனே சொல்லணும். அப்ப நான் உன்னைக் கேட்டுண்டு நிக்க மாட்டேன், தியேட்டர்தான்."

"சரி டாக்டர்."

"பயம் இருக்கா?"

"பயம் இல்ல டாக்டர். கோவம்தான் இருக்கு."

"அது உதவாது. உடம்பு இறுகிப்போயிடும்" என்று சொல்லி ஜலஜா ஒரு சின்னத் துண்டுத்தாளை நீட்டினார். அடையாறில் ஒரு பெண் ஹிப்னோபர்த்திங் வகுப்பு எடுக்கிறாள், மூச்சுப் பயிற்சி, மனதைத் தளர்த்துகிற பயிற்சி, போனால் கெடுதல் இல்லை என்றார். அவர் சொன்ன விதத்தில் பெரிய நம்பிக்கையும் தெரியவில்லை.

வகுப்பு கஸ்தூரிபா நகரில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில். ஆசிரியை பெயர் ஸஹானா. வெள்ளை லினன் சட்டை, காலில் கொலுசு, பேச்சில் பாதி இங்கிலீஷ், மீதி மூச்சு. எதிரே பாயில் ஐந்தாறு ஜோடிகள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவிகளின் முதுகை ஐ.டி. கணவன்மார்கள் உலகத்திலேயே முதன்முதலாக முதுகைக் கண்டுபிடித்தவர்கள்போலத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் 'நாங்க ப்ரெக்னன்ட்' என்றே சொன்னான். உம்மே ஹானி அவன் வயிற்றைப் பார்த்தாள். இருந்தது, ஆனால் அது பிரியாணியால் வந்தது.

"இனிமே நம்ம வாயில 'வலி'ங்கற வார்த்தையே வரக் கூடாது" என்றாள் ஸஹானா. "அது வலி இல்ல, அலை. ஒவ்வொரு அலையும் உங்க பேபியை உங்ககிட்ட கொண்டு வருது. பயந்தாதான் உடம்பு இறுகும், இறுகினாதான் கஷ்டம். பயம் இல்லேன்னா கஷ்டமே இல்ல."

"உங்களுக்கு எத்தன கொழந்தைங்க மேடம்?" என்று உம்மே ஹானி கேட்டாள்.

ஸஹானா புன்னகைத்தாள். "என் ஸ்டூடண்ட்ஸோட பேபீஸ் எல்லாரும் என் பேபீஸ்தான்."

நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டாள் உம்மே ஹானி. பிறகு எல்லாரையும் படுக்க வைத்து, விளக்கை அணைத்து, ஸஹானா தன் குரலைப் பதிவு செய்து வைத்திருந்ததை ஓடவிட்டாள். 'நீ ஒரு தாமரை, இதழ் இதழாக விரிகிறாய்' என்று அது இழுத்தது. கூண்டில் உட்கார்ந்து குரலை விற்றுச் சம்பளம் வாங்குகிறவள் காதுக்கு அது பச்சைத் தண்ணீரில் சர்க்கரை கலந்ததுபோல் இருந்தது. மூச்சு விடுகிற இடம் தப்பு, நிறுத்துகிற இடம் தப்பு, 'ழ'வோ கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இந்தக் குரலை நம்பி ஒருத்தி பிள்ளை பெறுவதா? மயக்க நிலைக்குப் போனது மொத்தக் கொட்டகையிலும் ஃபைசான் ஒருவன்தான். குறட்டை விட்டான். ஸஹானா அதை 'ஆழ்ந்த தளர்வு' என்று பாராட்டினாள்.

ஆனாலும் உம்மே ஹானி போவதை நிறுத்தவில்லை. அந்தத் தாமரைக் குப்பைக்கு நடுவில் ஒரு விஷயம் உருப்படியாக இருந்தது. மூச்சை அடிவயிறு வரை இழுத்து மெல்ல, மெல்ல வெளியே விட்டால் தாடை தளர்கிறது, தோள் இறங்குகிறது, முஷ்டி தானாகப் பிரிகிறது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. கடையில் பத்து பேர் சுற்றி நின்று கத்தும்போது குரல் நடுங்காமல் பேச அவள் தானாகக் கற்றுக்கொண்டதே அதுதான். குரல்தான் சரியில்லை. சரி, குரலா இல்லை நம்மிடம்?

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் போய்க் கூண்டில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த பாஷையில் தனக்கே ஒன்று பதிவு செய்துகொண்டாள். முதலில் கடை மணி, டிங் டாங். 'வாடிக்கையாளரின் அன்பான கவனத்திற்கு. தங்கள் கீழ்த்தளக் கதவு இப்போது மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. அவசரம் தேவையில்லை. வரிசை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தோள்களைக் கீழே இறக்கிவிடவும். தாடையைத் தளர்த்தவும். உள்ளிருப்பவர் தமக்குரிய வழியில் பத்திரமாக வந்துசேருவார்.' கேட்டுப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் தோள் இறங்கியது. இரண்டாவது தடவை கேட்கும்போது தூக்கம் வந்தது.

வீட்டில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண் மூடிப் படுத்திருப்பவளைப் பார்த்து ஜமீலுன்னிசா வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள்: "டேப் போட்டுக் கேட்டா புள்ள வெளிய வந்துடுமாம். அடையாறுல யாரோ சொல்லிக் குடுத்துகினு கீறாளாம். எனக்கு டேப்பா போட்டாங்க? அஞ்சு பெத்தேன்." கண்ணை மூடியபடியே உம்மே ஹானி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசட்டும். நாற்பதாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அதீபாவுக்குத் தலை வாரும்போது வலி எடுத்தது. ஆமாம், வலிதான். அலை, கடல், நுரை எல்லாம் அடையாறோடு சரி. முதுகெலும்பின் அடியில் யாரோ துணி முறுக்குவதுபோல் முறுக்கி, முன்பக்கம் வந்து பிழிந்துவிட்டுப் போனது. அவள் சீப்பைக் கீழே வைத்து மூச்சை இழுத்தாள், விட்டாள், மீதிப் பின்னலைப் போட்டாள். பிறகு ஃபைசானிடம் ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பவேவா? ஜும்மா முடிச்சிக்கினு போலாமா?" என்று கேட்டான்.

"இப்பவேங்க" என்றாள் அமைதியாக.

ஆஸ்பத்திரியிலும் அதே கூத்து. வரவேற்பில் இருந்த நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வலி வந்தவங்க மூஞ்சியாம்மா இது? சிரிச்ச முகமா நிக்கிறீங்க. அந்த பெஞ்சுல உக்காருங்க, ஒருத்தி அங்க நெஜமா துடிச்சிட்டிருக்கா, அவள முதல்ல பாத்துட்டு வரோம்." உள்ளே யாரோ உயிர் போகிற மாதிரி அலறிக்கொண்டிருந்தாள். கூடவே வந்து எதிரே உட்கார்ந்திருந்த ஜமீலுன்னிசா அந்த அலறலை ரசித்துத் தலையாட்டினாள். "கேட்டியா? அது வலி. உனக்கு சூட்டு வலியாத்தான் இருக்கும், மோர் குடிச்சா போயிடும்."

முந்தைய ஆபரேஷன் உள்ளவள், உடனே மானிட்டர் கட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று உம்மே ஹானி சொல்லத்தான் செய்தாள். ஆனால் அதையும் கடைக் குரலில் சொல்லித் தொலைத்தாள். அந்தக் குரலைக் கேட்டு யார் பதறுவார்கள்? நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். காதில் ஒயர், அதற்குள் டிங் டாங், பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி அவள் வரிசை நகர்வதற்குக் காத்திருந்தாள். உலகத்தில் கத்துகிறவனுக்குத்தான் முதல் பந்தி என்பது தி. நகரில் தெரியாதா அவளுக்கு? தெரியும். இருந்தும் கத்தவில்லை. கத்தினால் உடம்பு இறுகும், இறுகினால் கதவு மூடும், மூடினால் மறுபடி கத்தி. இந்த ஒரு கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரவுண்ட்ஸ் வந்த ஜலஜா பெஞ்சைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தார். உம்மே ஹானியின் கையைத்தான் பார்த்தார். பெஞ்சுக் கம்பியில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உள்ளே கூட்டிப்போய்ப் பரிசோதித்தவர் வெளியே எட்டி, "யாரும்மா இவளை பெஞ்சுல உட்கார வெச்சது? இவ கிட்டத்தட்ட முடிச்சுட்டா! முன்னாடி சிசேரியன்னு போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா?" என்று போட்ட சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தவளே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தத் தாமரையும் தாங்காது. மானிட்டர் கட்டினார்கள். ஒவ்வொரு வலியும் போனதும் ஜலஜா தழும்பைத் தொட்டு, "இங்க வலி நிக்கறதா?" என்று கேட்பார். இல்லை என்பாள். அப்படிக் கேட்கும்போதுதான் உயிர் போய் உயிர் வந்தது. ஆம் என்று சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது என்ற பயம், வலியைவிடப் பெரிதாக இருந்தது. காதுக்குள் அவள் குரலே அவளைப் பார்த்து 'அவசரம் தேவையில்லை' என்றது. முக்கச் சொன்னபோது முக்கினாள். எலும்பு பிரிவதுபோலப் பிரிந்தது, தோல் கிழிந்தது, நெருப்பு வைத்ததுபோல எரிந்தது. அவள் வாயிலிருந்து மூச்சு வந்தது, வேறொன்றும் வரவில்லை. ஆண் குழந்தை வழுக்கி விழுந்து அவளுக்கும் சேர்த்து வீறிட்டது. சுகப்பிரசவம் என்று அட்டையில் எழுதினார்கள். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஒரு ஆம்பளை.

"கெட்டிக்காரி" என்றார் ஜலஜா, தையல் போட்டுக்கொண்டே. கேட்டதும் உம்மே ஹானிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அவள் காத்திருந்தது அந்த வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அல்ல.

ஒரு வாரத்தில் ஸஹானா கையில் பழக்கூடையோடு வந்து, குழந்தையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அது இன்ஸ்டாகிராமில் வந்தது. 'சிசேரியனுக்குப் பிறகு துளியும் வலியில்லாத இயற்கைப் பிரசவம்! எங்கள் உம்மே ஹானி சிரித்துக்கொண்டே பெற்றாள்!' அடுத்த வகுப்புக்கான தேதியும் கீழே இருந்தது. உம்மே ஹானி படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். என் கதவு திறந்ததைக் காட்டி இவள் கடை திறக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் வந்தது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. கே.கே. நகரிலிருந்து மஹ்விஷ், மாமியாரின் தங்கை நஸ்ருன்னிசா, இன்னும் அக்கம்பக்கத்துச் சொந்தங்கள் ஏழெட்டு பேர். பிரியாணி முடிந்தது, ஆண்கள் போனார்கள். தலைக்குக் குளித்து, பச்சைப் புடவை கட்டி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உம்மே ஹானி நடுவில் உட்கார்ந்தாள். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. இதற்காகத்தானே இத்தனையும்? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வெட்கக்கேடு, ஆனால் அடித்துக்கொண்டது. ஜமீலுன்னிசா தட்டு விழுந்த கதையைச் சொன்னாள். இம்முறை நர்ஸும் விழுந்தாள். நஸ்ருன்னிசா கட்டில் கம்பியை வளைத்தாள். மஹ்விஷ் குழந்தை திரும்பி நின்றதைச் சொன்னாள். அப்புறம் எல்லாரும் உம்மே ஹானியைப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜமீலுன்னிசா கையை வீசினாள்.

"இவகிட்ட இன்னா கேக்கப் போறீங்க? இவளுக்கு வலியே வர்ல. நான் வெளியவே குந்திக்கினு இருந்தேன், ஒரு சத்தம்? ஒரு முனகல்? ம்ஹூம். டேப் கேட்டுக்கினே படுத்திருந்தா, புள்ள பாட்டுக்கு வந்துடுச்சு. ஃபோன்ல கூட போட்டுக் கீறாங்களாமே, சிரிச்சிக்கினே பெத்தான்னு. மஹ்விஷ், காட்டுடி."

மஹ்விஷ் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். போன் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. எல்லாரும் சிரித்தார்கள். "குடுத்து வெச்சவம்மா நீ" என்றாள் நஸ்ருன்னிசா. "எங்களுக்கெல்லாம் அல்லா இப்பிடிக் கொடுக்கலையே."

முதல் தடவை அறுத்ததால் வலியில்லை. இரண்டாம் தடவை கத்தாததால் வலியில்லை. அந்த வட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள் உம்மே ஹானி. பல்லிடுக்கில் ஏலக்காய் மெல்லும் வாய்கள், ரவிக்கையில் சிந்திய தால்ச்சா, வருஷா வருஷம் ஊதிப் பெருக்கிய பொய்கள். இவர்களிடமா மதிப்பு வாங்கப் பார்த்தேன்? லிஃப்ட் புகையில் ஏசி இல்லையென்று திட்டிக்கொண்டு படி இறங்கிய கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? இவர்களுக்காகவா விரல் வெளுக்கப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்? அவமானமாக இருந்தது. அது மாமியாரால் வந்த அவமானம் அல்ல, தன்னை நினைத்தே வந்தது.

"சரி, எழுந்து அல்வா எடுத்துக்கினு வாம்மா. மஹ்விஷுக்கு மொதல்ல குடு" என்றாள் ஜமீலுன்னிசா.

உம்மே ஹானி குழந்தையை மஹ்விஷ் மடியில் வைத்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். "மாமி, உங்களுக்குச் சத்தம்தானே வேணும்?" என்றாள்.

கத்தினாள்.

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். இவர்கள் கேட்ட சரக்கை இவர்கள் மூஞ்சியிலேயே வீசிவிட்டு அல்வா எடுக்கப் போகலாம் என்றுதான் நினைத்தாள். பாதியிலேயே அது அவள் பிடியை விட்டுப் போய்விட்டது. எந்த மைக்கிலும் போகாத குரல் அது, கடையில் யாரும் கேட்டிராத குரல். கிழிந்ததும் எரிந்ததும் தழும்பைத் தொடும்போதெல்லாம் செத்துப் பிழைத்ததும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. குழந்தை வீறிட்டது. நஸ்ருன்னிசா காதைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். சந்தில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. "இன்னாச்சு? யாருக்கு இன்னாச்சு?" என்று ஃபைசான் படியேறி ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். மஹ்விஷ் மட்டும் நிமிர்ந்து அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மூச்சு தீர்ந்ததும் சத்தம் நின்றது. ஜமீலுன்னிசாவின் முகம் வெளுத்திருந்தது. ஐந்து பெற்றவளுக்கு அசல் எது என்று தெரியாமலா போகும்? கையை நீட்டினாள், ஆனால் மருமகளைத் தொடத் தைரியம் வரவில்லை.

"போதும்மா" என்றாள் கம்மிய குரலில். "கேட்டுச்சு. போதும்."

உம்மே ஹானி முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இது பையனுக்கு மாமி. அதீபாவுக்கு இன்னும் கத்தல" என்று சொல்லிவிட்டு, அடிவயிறு வரை மூச்சை இழுத்தாள்.